முதல் பந்தி பிள்ளைக்கு: ஜீவனாம்சத்தின் வரலாறும் இரண்டாம் கல்யாணத்தின் கணக்கும்



இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயரும் ஊரும் வேண்டாம். முப்பத்தைந்து வயது, நல்ல வேலை. வீட்டில் ஒரு வரன் பார்த்திருக்கிறார்கள். அவர் விவாகரத்தானவர். ஒன்பது வயது மகள் தன் தாயோடு இருக்கிறாள். நீதிமன்ற உத்தரவுப்படி அவர் மாதாமாதம் மகளுக்குப் பணம் கட்டி வருகிறார். "ஆள் நல்லவராத்தான் தெரியுறார் டீச்சர். ஆனா அந்தப் பணம் நாளைக்கு என் தலையில விழுமா? என் சம்பளத்துல கை வைப்பாங்களா?" என்று கேட்டாள். இதே கேள்வியை இந்த இரண்டு வருடத்தில் இன்னும் மூன்று பேர், ஆண்களும் சேர்த்து, சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவள். ஆனால் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதிக்கு என்ன காகிதம் பார்க்க வேண்டும் என்பதும் புரியும்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சம்பளம் உன்னுடையது. அவருடைய முதல் கல்யாணத்துப் பிள்ளைக்குச் சோறு போடும் கடமையை எந்தச் சட்டமும் உன்மேல் வைக்கவில்லை. ஆனால் அவருடைய சம்பளம் முழுதாக உங்கள் வீட்டுக்கு வராது. பிள்ளையின் பங்கு போக மிச்சம்தான் வரும். முதல் பந்தி அந்தப் பிள்ளைக்கு. இந்த வரிசை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

50 ரூபாயில் தொடங்கிய கதை

வெள்ளைக்காரன் காலத்தில் 1861ல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோதே, மனைவியையும் பிள்ளையையும் கைவிட்டவனைப் பணம் கட்ட வைக்கும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்குக் கிடைத்தது. 1872ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி எழுதியவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். நாம் சாட்சியச் சட்டம் என்று படித்தோமே, அதை எழுதியவரும் அவர்தான். இந்த ஜீவனாம்சப் பிரிவின் நோக்கம் என்ன என்பதை அவர் ஒளிக்கவில்லை. கைவிடப்பட்டவர்கள் தெருவில் அலையக் கூடாது, அவ்வளவுதான். பெண்ணுரிமை, குழந்தை உரிமை என்ற பேச்சே அங்கே இல்லை.

அதனால் தொகையும் சின்னது. உச்சவரம்பு மாதம் 50 ரூபாய். 1898ல் அது 488ஆம் பிரிவானது. 1923ல் வரம்பு 100 ஆகவும் 1955ல் 500 ஆகவும் உயர்ந்தது.

ஆனால் அந்தப் பழைய பிரிவில் இரண்டு நல்ல விஷயங்கள் இருந்தன. ஒன்று, அது எல்லா மதத்தினருக்கும் பொது. இரண்டு, பிள்ளை முறைப்படி நடந்த கல்யாணத்தில் பிறந்ததா இல்லையா என்று பார்க்கவில்லை. பெற்றவன் போட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. இந்த இரண்டும் இன்றுவரை மாறவில்லை. 1997ல்கூட, முஸ்லிம் பெண்களுக்கான 1986ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டதால் பிள்ளைகளின் உரிமை குறைந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இரண்டு குடும்பம் இருந்த காலம்

நம் தாத்தா காலத்தில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இந்து ஆண் ஒருவர் மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத்தில் தடை இல்லை. "பெரிய வீடு, சின்ன வீடு" என்று ஊரே பேசும். முதல் மனைவி அதே வீட்டில் மூலையில் இருப்பாள், அல்லது பிறந்த வீட்டுக்குப் போவாள். அவள் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும் என்பது அவன் மனசைப் பொறுத்தது.

1946ல் ஒரு சட்டம் வந்தது. கணவன் மறுபடி கல்யாணம் செய்தால் முதல் மனைவி தனியாக வாழ்ந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. 1949ல் சென்னை மாகாணம் ஒரு படி மேலே போய், இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடை செய்து விவாகரத்துக்கும் வழி செய்தது. இந்து திருமணச் சட்டம் 1955ல் நாடு முழுவதற்கும் வருவதற்கு ஆறு வருடம் முன்பே நம்மூரில் இது நடந்துவிட்டது.

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம். அதுவரை இரண்டு குடும்பமும் ஒரே ஆணின் ஒரே சொத்தில் சேர்ந்து இருந்தன. அதற்குப் பிறகு முதல் கல்யாணம் சட்டப்படி முடிந்தால்தான் இரண்டாவது செல்லும். மனைவி என்ற உறவு முறிந்துவிடும், பிள்ளை என்ற உறவு முறியாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் இதை எழுத்தில் வைத்தது. பிள்ளையைப் பராமரிப்பது தந்தை, தாய் இருவர் கடமையும்தான்.

தாயும்தான் என்பதைக் கவனியுங்கள். 2000ல் ஒரு வழக்கில் இரண்டு பிள்ளைகளுக்கும் தலைக்கு 3,000 ரூபாய் என்று நிர்ணயித்து, அப்பா இரண்டு பங்கு, அம்மா ஒரு பங்கு என உச்ச நீதிமன்றம் பிரித்தது. இருவரும் வேலையில் இருந்தவர்கள். ஆகவே விவாகரத்தான பெண்ணை மணக்கப்போகும் என் ஆண் மாணவர்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

500 ரூபாய் என்ற சுவர்

1955ல் 500 ரூபாய் என்பது பெரிய பணம். அன்றைய விலையில் ஆறு பவுனுக்கு மேல் வாங்கலாம். 1973ல் புதிய நடைமுறைச் சட்டம் வந்து பிரிவின் எண் 125 ஆனது. வரம்பு அதே 500தான். சில மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன. மத்தியச் சட்டத்தில் 2001 வரை அந்த எண் அசையவில்லை. 2001ல் 500 ரூபாய்க்கு ஒன்றரை கிராம் தங்கம்கூடக் கிடைக்காது.

எண்பதுகளில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அம்மா ஒவ்வொரு ஜூன் மாதமும் நோட்டுப் புத்தகக் காசுக்குத் தவணை கேட்டு வருவார். ஒருமுறை உத்தரவு நகலை மடித்து எடுத்து வந்து காட்டினார். பையனுக்கு மாதம் 75 ரூபாய். அதுவும் எட்டு மாதமாக வரவில்லை. "அவருக்கு அங்க ஒரு குடும்பம் ஆயிடுச்சு டீச்சர்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஆண் இரண்டாம் கல்யாணத்துக்கு இந்தப் பணத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இருக்கவில்லை என்பதற்கு அந்த 75 ரூபாய் சாட்சி. புது மனைவியும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கைப் பையன் ஒருவனே சுமந்தான்.

சுவரில் முதல் ஓட்டை போட்டவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து மொத்தமே 500தான் என்று ஒரு கணவர் வாதாடினார். 1978ல் வந்த தீர்ப்பு, கேட்கும் ஒவ்வொருவருக்கும் 500 வரை தரலாம் என்றது. பிறகு 2001ல் நாடாளுமன்றம் வரம்பையே எடுத்துவிட்டது. இடைக்கால ஜீவனாம்சம் கேட்டால் 60 நாளுக்குள் முடிவு செய்ய முயல வேண்டும் என்றும் சேர்த்தது. அதன் பிறகுதான் தொகை சம்பளத்தைப் பார்த்து நிர்ணயமாகத் தொடங்கியது. 2024 ஜூலை 1 முதல் அதே பிரிவு புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 என்ற எண்ணோடு இருக்கிறது. எண் மாறியதே தவிர சாரம் மாறவில்லை.

கட்டாவிட்டால் என்ன ஆகும்

இதுதான் புது வீட்டை நேரடியாகத் தொடும் இடம்.

ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. "உள்ளே போயிட்டு வந்துட்டா கணக்கு முடிஞ்சுது" என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. சிறை என்பது கட்டவைக்கும் வழியே தவிரக் கட்டியதாக ஆகாது என்று எண்பதுகளின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் அப்படியே நிற்கும்.

சம்பள ஜப்தி இன்னும் முக்கியம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் செய்யத்தக்க சம்பளம் 60,000 ரூபாய் என்று வைப்போம். சாதாரணக் கடன் கொடுத்தவர் தீர்ப்பு வாங்கி வந்தால் முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. சுமார் 19,700 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. ஆனால் ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் பாதுகாப்பு மூன்றில் ஒரு பங்குக்குத்தான். 40,000 வரை பிடிக்கலாம். கடன்காரனுக்குப் பின்பந்தி, பிள்ளைக்கு முதல் பந்தி என்பதைச் சட்டம் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறது.

அடுத்தது 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், தன்னை நம்பி இருப்பவர்கள் என எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்றது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும் என்றும் சொன்னது. இதன் பொருள் என்ன? வழக்கு மூன்று வருடம் நடந்து மாதம் 10,000 என்று உத்தரவானால், இடையில் எதுவும் கட்டாதவர் தலையில் ஒரே நாளில் 3,60,000 ரூபாய் நிற்கும். "கேஸ் இன்னும் நடக்குது, ஒண்ணும் கட்ட வேண்டியதில்ல" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், அந்த வாக்கியத்துக்குள் ஒரு பெரிய தொகை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

3,000 ரூபாய்

"அவருக்கு நாளைக்கு நம்ம பிள்ளையும் பிறக்கும். அப்போ அந்தப் பணம் குறையாதா?" இது அடுத்த கேள்வி. குறையலாம். எவ்வளவு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

2017 ஏப்ரலில் மேற்கு வங்கத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. கணவரின் நிகரச் சம்பளம் சுமார் 95,500 ரூபாய். முதல் மனைவிக்கும் மகனுக்கும் மாதம் 16,000 கட்டிக்கொண்டிருந்தார். கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை 23,000 ஆக்கியது. அவர் மேல்முறையீடு செய்தார். நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. அவர் மறுமணம் செய்து ஒரு குழந்தையும் இருப்பதைக் கணக்கில் கொண்டு 20,000 ஆகக் குறைத்தது.

குறைந்தது 3,000 ரூபாய். இரண்டாம் மனைவிக்கும் அவள் குழந்தைக்கும் சேர்த்து அந்த வழக்கில் கிடைத்த சலுகை அவ்வளவுதான். பழைய 16,000க்குக்கூடத் திரும்பவில்லை. 25 சதவீதம் என்பதும் எல்லோருக்கும் கட்டாயமான சூத்திரம் இல்லை, நீதிபதி ஒவ்வொரு குடும்பத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆனால் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரிகிறது இல்லையா? இரண்டாம் குடும்பம் இருப்பதை நீதிமன்றம் பார்க்கிறது. அதற்காக முதல் பிள்ளையை எழுப்பிவிட்டு இடம் கொடுப்பதில்லை.

லண்டன் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1993ல் இதற்கென ஒரு அரசு முகமையைத் தொடங்கினார்கள். அதன் முதல் சூத்திரம் புதிய துணையின் வருமானத்தையும் கணக்கின் ஒரு படியில் சேர்த்தது. இரண்டாம் குடும்பங்கள் கொதித்து எழுந்தன. பல முறை திருத்தி, இன்றைய சூத்திரத்தில் துணையின் வருமானம் வருவதே இல்லை. கட்டுபவரோடு வசிக்கும் பிள்ளை ஒன்று என்றால் வருமானத்தில் 11 சதவீதத்தைத் தள்ளிவிட்டுத்தான் முதல் பிள்ளைக்கான பங்கைக் கணக்கிடுகிறார்கள். அவர்கள் சூத்திரத்தில் வந்து சேர்ந்த இடமும் நம் நீதிபதிகள் வந்து சேர்ந்த இடமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவளிடம் நான் சொன்னது

நிலம் வாங்கும்போது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். கல்யாணத்தில் மட்டும் கேட்க வெட்கப்படுகிறோம். பிள்ளை வில்லங்கம் இல்லை. மறைத்து வைத்த கணக்குதான் வில்லங்கம். ஆகவே இவற்றைக் கேளுங்கள்.

விவாகரத்துத் தீர்ப்பின் நகல். மேல்முறையீட்டுக் காலம் கடந்துவிட்டதா என்பதும். முதல் கல்யாணம் சட்டப்படி முடியாமல் நடக்கும் இரண்டாவது கல்யாணம் இந்துச் சட்டப்படி செல்லாது. அப்படிப்பட்ட மனைவிக்கு 125ல் ஜீவனாம்சம் இல்லை என்று 1988ல் தீர்ப்பானது. கணவன் முதல் கல்யாணத்தை மறைத்து ஏமாற்றிய வழக்கில் 2013ல் விதிவிலக்குக் கொடுத்தார்கள் என்றாலும், அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

ஜீவனாம்ச உத்தரவின் நகல். தொகை, எந்தத் தேதியிலிருந்து, பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் தனியா என்று பாருங்கள். கட்டியதற்கான வங்கிக் கணக்கையும் பாருங்கள். ஒழுங்காகக் கட்டும் மனிதர் சந்தோஷமாகக் காட்டுவார்.

எப்போது முடியும்? "பதினெட்டு வயசானா முடிஞ்சுது" என்பது பாதி உண்மை. 125ஆம் பிரிவில் மேஜராகும் வரை. ஆனால் கல்யாணமாகாத, தன்னைத் தானே பராமரிக்க முடியாத மகள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்குப் பிறகும் கேட்கலாம் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் மனுப் போடலாம். கல்லூரிக் காலத்தில் கூடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு பட்ஜெட். அவர் கையில் வருவது 60,000, கட்டுவது 15,000 என்றால் அவர் சம்பளம் 45,000 என்றே எழுதுங்கள். வீட்டுக் கடனுக்குத் தவணை போடும்போதும் அதே 45,000தான். ஜீவனாம்சத்துக்கு வருமான வரியில் கழிவு கிடையாது. கூட்டுப் பெயரில் வாங்கும் சொத்தில் அவர் பங்கு அவர் பாக்கிக்குப் பொறுப்பாகலாம். ஆகவே யார் பணம் எவ்வளவு என்பதற்கு எழுத்து இருக்கட்டும். உங்கள் சேமிப்புக் கணக்கு தனியாகவே இருக்கட்டும்.

அவர் காலத்துக்குப் பிறகு. உயில் இல்லாமல் ஒரு இந்து இறந்தால் அவர் சுயசம்பாத்தியத்தில் மனைவி, தாய், எல்லாப் பிள்ளைகளும் சம பங்கு. முதல் கல்யாணத்தில் ஒரு மகள், இரண்டாவதில் ஒரு மகன், தாயும் இருந்தால் நால்வருக்கும் கால் கால் பங்கு. விவாகரத்தான மனைவிக்குப் பங்கு இல்லை, அவள் பிள்ளைக்கு உண்டு. இது அநியாயம் என்று தோன்றினால், அந்தப் பிள்ளை இடத்தில் உங்கள் பிள்ளையை வைத்துப் பாருங்கள்.

மனைவிக்கென ஒரு பாதுகாப்பு வேண்டுமென்றால் 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் அவர் தன் பெயரில் ஆயுள் காப்பீடு எடுத்து, பயனாளியாக உங்களைக் குறிப்பிடலாம். அது தனி அறக்கட்டளை போல நிற்கும், அவர் சொத்தோடு கலக்காது. இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. இந்துக்களுக்கு இந்த வசதி மற்ற மாகாணங்களில் 1923ல்தான் வந்தது. சென்னை மாகாணத்தில் 1913 டிசம்பர் 31க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே செல்லும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முதல் பிள்ளைக்கும் இதேபோல ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பேச்சை நீங்களே எடுத்தால் பல மனத்தாங்கல்கள் முளைக்காமலே போகும்.

கடைசியாக ஒரு விஷயம். மாற்றாந்தாய்க்குப் பிள்ளையைப் பராமரிக்கும் கடமை சட்டத்தில் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் என்ற சொல்லுக்குள் பிள்ளை இல்லாத மாற்றாந்தாயையும் சேர்க்கிறது. 1996ல் உச்ச நீதிமன்றமும், பிள்ளையில்லாத மாற்றாந்தாய் விதவையாகி ஆதரவற்று நின்றால் கணவரின் மகனிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டமும் மாற்றாந்தாயைப் பெற்றோர் பட்டியலில் வைத்திருக்கிறது.

அதாவது இன்று மாதாமாதம் கணக்கிலிருந்து போகும் பணத்தை யார் பெயரில் அனுப்புகிறோமோ, அந்தப் பிள்ளை ஒருநாள் இவளுக்குச் சோறு போடக் கடமைப்பட்டவளாகக்கூட ஆகலாம். ஆகவே அந்தப் பணத்தை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். வீட்டு வாடகை, அரிசி, பால் வரிசையில் முதல் வரியில் எழுதுங்கள். எழுதிய பிறகு மிச்சத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் தைரியமாகச் செய்யுங்கள். முடியாது என்றால் அதை இப்போதே சொல்லிவிடுவது அந்தப் பிள்ளைக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை.

உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நல்ல வக்கீலிடம் ஒருமுறை உட்காருங்கள். கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு.

 தேவைப்படுகிறவர்களுக்குப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் தனியாகக் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்